தராசுத் தூண்

“சுவர் மாறு!”

டீச்சர் கத்தவில்லை. கத்தினால் பிள்ளைகள் மிரளும், மிரண்டால் ஓடும், ஓடினால் எல்லாம் ஒரே வாசலில் போய் முட்டிக்கொள்ளும். அதனால் தினமும் சொல்கிற அதே குரலில், அதே இழுவையோடுதான் சொன்னாள். கண் மட்டும் மேலே உத்திரத்தை விட்டு நகரவில்லை.

சற்றுமுன் அந்தச் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. ஒரே ஒரு ‘டப்’. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, யாரோ மேலே உட்கார்ந்து சல்லடையில் சலிப்பதுபோலப் பழுப்புத் தூசி.

“இன்னும் நேரம் ஆகலியே டீச்சர்!” என்றது ஒரு வாண்டு.

“எனக்கு மணி பார்க்கத் தெரியும்டா. எழுந்திரு. பையை விட்டுடு. முதல் சுவர் வாசலுக்கு வெளியே போகட்டும், மத்தவங்க அது பின்னாலேயே. சுவரை ஒட்டியே போங்க. நடுவுல யாரும் வரக் கூடாது.”

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருந்ததே ஓர் அறைதான். நான்கு வகுப்பு, நான்கு சுவர். ஒவ்வொரு சுவரிலும் ஆள் உயரத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கும். அதுதான் அந்த வகுப்பின் பலகை. பிள்ளைகள் அவரவர் சுவரைப் பார்த்து, அடுத்த வகுப்புக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். நடுவில் டீச்சர். கால் மரத்துப்போகாமல் இருக்க மத்தியானத்தில் எல்லோரும் எழுந்து, சுவரை ஒட்டி ஒரு சுற்று நடப்பார்கள். சுவர் மாறுவது என்றால் அதுதான். இத்தனை வருஷமாக விளையாட்டாக நடந்த சுற்று இன்று காலையில், தலைக்கு மேல் ஒரு வெடித்த மரத்தோடு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியாது. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வாசல் வழியே வழிந்தார்கள்.

அறையின் நடுவே ஒரு பாய். பாயில் மூன்று கைக்குழந்தைகள், அசந்த தூக்கத்தில். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, அக்கா இடுப்பில் ஏறிப் பள்ளிக்கு வந்த உருப்படிகள். சரியாக வெடிப்புக்குக் கீழே.

உத்திரம் முனகியது.

“தம்பி!” நான்காவது சுவர்க்காரி ஒருத்தி வரிசையை விட்டுத் திரும்பினாள்.

“வெளியே போடி! உன் தம்பி என் பொறுப்பு!”

டீச்சர் குனிந்து பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். தூக்க நேரமில்லை. இழுத்தாள். பாய் நகர்ந்தது. ஒரு குழந்தை கண்விழித்து, இந்தப் புதுச் சவாரி பிடித்துப்போய்ச் சிரித்தது. டீச்சர் வாசற்படியில் பின்பக்கமாக இடறி வெளியே விழவும், உள்ளே ஒரு வண்டி ஓடு சரிந்து இறங்கவும் சரியாக இருந்தது.

தூசி அடங்கியபோது டீச்சர் தலைகளை எண்ணினாள். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினாள். பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தாள்.

*

எதிரில் சைக்கிள் கடைக்காரர் கையில் டியூபோடு ஓடி வந்தார். பக்கத்தில் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு.

“யாருக்காவது அடியா?”

“இல்ல.”

“அப்பாடா. உத்திரம்?”

“நீங்களே பாருங்க.”

இருவரும் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். உத்திரம் விழவில்லை. நடுவில் வாய் பிளந்து, வயிறு தொங்கி, இரண்டு சுவரிலும் முனையைப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

டீச்சருக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எப்போதும் ஒரே ஆளிடம்தான் போகும்.

“எல்லாம் அந்த முதல் வாத்தியார் பண்ணின வேலை! நடுத்தூணைக் கரையான் தின்னுட்டிருக்கறதை வேடிக்கை பார்த்துட்டு உட்கார்ந்திருந்தாரே, மகராசன்! அன்னைக்கே கவனிச்சிருந்தா இன்னைக்கு இது நடக்குமா?”

தையல்காரர் அளவு நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். சைக்கிள் கடைக்காரர் டியூபில் எங்கே ஓட்டை என்று தேடினார். இருவருமே அந்த வாத்தியாரிடம் படித்தவர்கள்.

கதை இதுதான். அந்தக் கட்டடம் பள்ளிக்கூடமாகப் பிறக்கவில்லை. தானியக் கிடங்காகப் பிறந்தது. வண்டி வண்டியாக மூட்டை வரும். நடுவில் நெருக்கமாக இரண்டு மரத்தூண்கள். இரண்டுக்கும் இடையில் அரைச் சாண் சந்து. அந்தச் சந்தில் இரும்புக் கம்பி மாட்டி, பெரிய தராசைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதனால் தராசுத் தூண் என்று பெயர். பிறகு புதுச் சாலை வேறு பக்கமாகப் போனது. வியாபாரி சாலையோடு போனார். கிடங்கு அரசாங்கத்தின் கைக்கு வந்து காலியாகக் கிடந்தது.

அப்போதுதான் முதல் வாத்தியார் வந்தார். ஒரு மடக்கு நாற்காலியோடு வந்ததாகச் சொல்வார்கள். வௌவால்களை விரட்டி, சுவர்களுக்குக் கறுப்பு பூசி, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வந்து, அதைப் பள்ளிக்கூடம் ஆக்கினார். இன்றைக்கும் அந்த ஊரில் ஒருவர் எவ்வளவு படித்தவர் என்று கேட்டால் ‘மூணாவது சுவர்’, ‘ரெண்டாவது சுவரோட நின்னுட்டான்’ என்றுதான் பதில் வரும்.

இவ்வளவு செய்தவர் கடைசியில் ஒரு காரியம் செய்யவில்லை. தராசுத் தூணைக் கரையான் அரித்தது. அவர் மேலே தெரிவிக்கவில்லை. தூணையே எடுக்க வேண்டியதாயிற்று. விசாரணைக்கு அதிகாரி வந்தார். வாத்தியாருக்கு வேலை போயிற்று. டீச்சர் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கதை இவ்வளவுதான். அவரை அவள் பார்த்த ஞாபகமே இல்லை. ஆனால் மழைக்கு ஓடு ஒழுகும்போதெல்லாம் அவரைத் திட்டியிருக்கிறாள். ‘பொறுப்பில்லாம இருந்தா என்ன ஆகும் தெரியுமா?’ என்று நான்கு சுவருக்கும் பாடமாகவே நடத்தியிருக்கிறாள்.

*

தகவல் கேட்டு அரசாங்க இன்ஜினியர் மத்தியானத்துக்கு மேல் மோட்டார் சைக்கிளில் வந்தார். சின்ன வயது. தலையில் மஞ்சள் தொப்பி; அதை எடுத்தால் இன்னும் சின்ன வயதாகத் தெரிவார் என்பதால் எடுக்கவே இல்லை.

வாசலில் நின்று டார்ச் அடித்தார். சுவர் ஓரமாக நடந்து, உத்திரத்தின் இரண்டு முனையையும் கம்பால் தட்டிக் கேட்டார். வெடிப்புக்கு அடியில் மட்டும் போகவில்லை.

“நடுவுல முட்டே இல்லாம இவ்வளவு நீள உத்திரமா? யாரு கட்டினது?”

“தூண் இருந்துச்சு சார்” என்றார் சைக்கிள் கடைக்காரர். “கரையான் தின்னுருச்சு.”

“முழுசாவா?”

“முழுசா! தொட்டா மாவு மாதிரி கொட்டும் சார். நான் கண்ணால பார்த்தேன்.”

“நானும் பார்த்தேன்” என்று தையல்காரர் முந்தினார். “கரையான்னா சாதாரணக் கரையான் இல்ல. ஒவ்வொண்ணும் இந்த சைஸு.” கட்டைவிரலைக் காட்டினார்.

“அது கரையானா, எலியாய்யா?” கூட்டத்தில் ஒரு குரல்.

“நீ பார்த்தியா? நீ அப்போ பொறக்கவே இல்ல. வாயை மூடு.”

இன்ஜினியர் கேட்கக் கேட்க ஊர் உற்சாகமாகிவிட்டது. ஆளுக்கொரு கரையான் கதை. ஒருவர் ராத்திரியில் அது மரத்தைத் தின்கிற சத்தம் தன் வீடு வரை கேட்டதாகச் சொன்னார். இன்ஜினியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டீச்சரைத் தனியாக அழைத்தார்.

“மேடம், மன்னிச்சுக்கோங்க. கட்டடம் லாயக்கில்லைன்னுதான் எழுதப் போறேன்.”

“புதுசு கட்டிக் கொடுப்பாங்களா?”

“இவ்வளவு கொஞ்சம் பிள்ளைங்களுக்குக் கட்ட மாட்டாங்க. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் பெரிய பள்ளிக்கூடம் இருக்கு இல்ல, அதோட சேர்த்துடுவாங்க.”

டீச்சர் அந்தத் திசையைப் பார்த்தாள். நெடுஞ்சாலை. லாரிகள். அதையும் தாண்டிப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. பாயிலிருந்து இறங்கி, இப்போது அவள் சேலை நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

“சார், இங்க வர்ற பொண்ணுங்கள்ல பாதி, கையில ஒண்ணை இடுக்கிக்கிட்டுத்தான் வருது. அந்த ஸ்கூல்ல கைக்குழந்தையை உள்ளே விடுவாங்களா?”

“விட மாட்டாங்க.”

“அப்போ குழந்தை வீட்ல இருக்கணும். குழந்தை வீட்ல இருந்தா அக்காவும் வீட்ல இருக்கணும். அத்தோட அதுங்க படிப்பு முடிஞ்சுது. ரிப்பேர் பண்ண முடியாதா?”

“உள்ளே கட்டை நல்லா இருந்தா பண்ணலாம். நடுவுல ஒரு இரும்புத் தூண், ரெண்டு பக்கம் பட்டை, அவ்வளவுதான். ஆனா நீங்களே கேட்டீங்களே! தூணையே மாவா ஆக்கின கரையான் அதுமேல இருந்த உத்திரத்தை விட்டு வச்சிருக்குமா? வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே கூடு. அதுக்கு அடியில பிள்ளைங்களை உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன் மேடம். நீங்களும் போட மாட்டீங்க.”

போட மாட்டாள்தான். காலையில் பாயை இழுத்தவள் அவள்தானே.

“சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள நான் அறிக்கை கொடுக்கணும். சுத்துமுத்தும் படம் எடுத்துட்டுக் கிளம்பறேன்” என்று இன்ஜினியர் கட்டடத்தின் பின்பக்கம் போனார்.

டீச்சர் கூட்டத்திடம் திரும்பினாள். “கேட்டீங்களா? உங்க கரையான் கதையாலதான் பள்ளிக்கூடத்தையே மூடறாங்க!”

உற்சாகம் சட்டென்று அணைந்தது.

“மூடறதா? புதுசு கட்டுவாங்கன்னு இல்ல நினைச்சோம்” என்றார் தையல்காரர்.

“நினைச்சோம்னா? அப்போ நீங்க சொன்னது?”

தையல்காரர் சைக்கிள் கடைக்காரரைப் பார்த்தார். சைக்கிள் கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். வயது வந்தவர்கள் எல்லோருடைய கண்ணும், சொல்லி வைத்த மாதிரி ஒரே பக்கம் திரும்பியது. தெருக்கோடியில் மாவு மில் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மாவு மில் டீச்சருடைய அக்காவுடையது.

*

டீச்சர் முதலில் மில்லுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் போனாள். பைத்தியக்காரத்தனம்தான்; ஆனால் அவளுக்கு ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டியிருந்தது. ஓடுகள் சரிந்து விழுந்த வேகத்தில், நடுத்தரையில் தூண் இருந்த இடத்துச் சிமெண்ட் பூச்சு பெயர்ந்திருந்ததைக் காலையில் அவள் கவனித்திருந்தாள்.

குனிந்து கையால் தூசியைத் தள்ளினாள். பூச்சுக்குக் கீழே இரண்டு மரத்தூண்களின் அடிக்கட்டை. நகத்தால் கீறினாள். நகம்தான் மடங்கியது. தொட்டால் மாவாகக் கொட்டும் என்றார்களே, இது கல்.

அதைவிட மோசம், வெட்டுவாய். அரித்த மரம் பொக்கை வாயாக இருக்கும். இது தட்டையாக, கோடு கோடாக இருந்தது. ரம்பம் ஓடிய கோடு.

யாரோ அறுத்திருக்கிறார்கள்.

டீச்சருக்குத் தலைக்குள் மணி அடித்தது. அந்த ஊரில் அந்தக் காலத்தில் ரம்பம் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். தச்சு வேலை செய்தவர். இப்போது உயிரோடு இல்லாதவர். அவளுடைய அப்பா.

‘இவ்வளவு நல்ல மரம். விற்றால் என்ன விலை போயிருக்கும்!’ அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனால் வந்துவிட்டது. வந்தது போகவும் மறுத்தது.

“மேடம்! வெளியே வாங்க! உங்களுக்கு என்ன பைத்தியமா?” வாசலில் இன்ஜினியர் அலறினார்.

வெளியே வந்து சொன்னாள். இன்ஜினியர் அடிக்கட்டையை டார்ச் அடித்துப் பார்த்தார், புருவம் உயர்ந்தது. ஆனால் தலையை ஆட்டினார்.

“அடி நல்லா இருக்கு, சரி. தலை எப்படி இருந்துச்சு? கரையான் கூரையிலேருந்தும் இறங்கும். மேல அரிச்சிட்டதாலகூட அறுத்து எடுத்திருக்கலாம். வெடிச்ச உத்திரத்துக்கு அடியில ஏணி போட்டு நான் துளை போட்டுப் பார்க்கணும்னா, உள்ளே கட்டை இருக்குன்னு நம்பிக்கை வேணும். அறுத்தப்ப கூட இருந்தவங்க யாராவது சொல்லணும். யாரு அறுத்தது? ஏன்?”

“இருங்க. கூட்டிட்டு வர்றேன்” என்றாள் டீச்சர்.

*

மில்லுக்குள் எல்லாம் வெள்ளை. சுவர், விளக்கு, அக்கா, அக்காவின் இமை. ஓடும் பட்டையின் சத்தத்தில் பேசிப் பேசி அக்காவுக்குச் சாதாரணப் பேச்சே சண்டை மாதிரி இருக்கும்.

“வாடி பாய் இழுத்த வீராங்கனை! ஊரே பேசுது. முட்டியில ரத்தம் வருது பாரு, துடைக்க மாட்டியா?”

“அக்கா, தராசுத் தூணை அப்பாதானே அறுத்தாரு?”

அக்கா கேட்காதது போல மூட்டையின் வாயைக் கட்டினாள். “என்ன? சத்தத்துல காது கேட்கல.”

“கேட்டுச்சு. உனக்கு வேண்டாதது மட்டும்தான் கேட்காது.”

“கரையான் தின்னுச்சுன்னு உனக்குத் தெரியாதா? புதுசா என்ன?”

“அடிக்கட்டையை இப்பதான் தொட்டுப் பார்த்துட்டு வர்றேன். பொய் சொல்லாதே. அப்பா திருடி வித்தாரா?”

அக்காவின் கை நின்றது.

“என்ன சொன்னே?”

“ஊரே வாயை மூடிக்கிட்டு உன் மில்லைப் பார்க்குது. நான் வேற என்னன்னு நினைக்கறது? திருடியிருந்தாலும் பரவாயில்ல அக்கா, செத்துப்போனவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. வந்து சொல்லு. சொல்லலைன்னா பள்ளிக்கூடம் மூடிடும்.”

“அப்பாவைத் திருடன்ற. அதுவும் நீ சொல்ற.” அக்காவின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது. “போடி இங்கேருந்து. மாவு பறக்குது, உன் புடவை கெட்டுரும்.”

“புடவையை விடு. நாலாவது சுவர்ல ஒரு பொண்ணு இருக்கா. கணக்குல புலி. கையில தம்பி. நாளையிலேருந்து அவ தம்பிக்குச் சோறு ஊட்டிக்கிட்டு வீட்ல உட்காருவா. அவளை மாதிரி இன்னும் எட்டு பத்து பேர் இருக்காங்க. யாரையோ காப்பாத்தறேன்னு நீங்க எல்லாரும் இதுங்களைப் பலி கொடுக்கறீங்க. யாரு அக்கா அது? அவ்வளவு பெரிய ஆளா?”

அக்கா மூட்டையை விட்டாள். பிறகு எட்டி, மோட்டாரின் சுவிட்சைக் கீழே தள்ளினாள். பட்டை இளைத்து இளைத்து நின்றது. பகலில் அந்த மில் நின்று தெருவில் யாரும் கேட்டதில்லை. தையல்காரர் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்.

“அந்தச் சின்னப் பையன் இன்ஜினியரு இன்னும் இருக்கானா?” என்றாள் அக்கா, முந்தானையால் முகத்து மாவைத் துடைத்தபடி.

*

“கரையான் எல்லாம் பொய் தம்பி. ஒரு கரையானும் வரல. அறுத்தது எங்க அப்பா” என்று அக்கா பள்ளிக்கூட வாசலில் நின்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் சலசலப்பு. “எல்லாரும் ஏன் முழிக்கிறீங்க? சொல்லாம மூடச் சொல்றீங்களா? மூடிட்டா அந்த மனுஷன் பட்டதெல்லாம் வீணுதானே!”

சைக்கிள் கடைக்காரர் கீழே கிடந்த ஓடு ஒன்றைக் காலால் ஒதுக்கினார்.

“நான் அப்போ ரெண்டாவது சுவர். எங்கம்மாவெல்லாம் விடியறதுக்குள்ள வேலைக்குப் போயிடுவாங்க. கைக்குழந்தை அக்கா தலையில. குழந்தையோட வரலாமான்னு வாத்தியாரைக் கேட்டோம். ‘குழந்தையை மட்டும் அனுப்பிட்டு நீங்க வீட்ல இருந்துடாதீங்க, மத்தபடி வாங்க’ன்னாரு. நடுத்தூணைச் சுத்திப் பாய் போட்டு எல்லாத்தையும் விட்டுடுவோம். தூணைப் பிடிச்சு நிக்கும், அதையே சுத்தும், தூங்கும். எங்க ஊர்ல பாதிப் பேர் நடை பழகினது அந்தத் தூணைப் பிடிச்சுத்தான். ஒருநாள் ஒரு குழந்தை, ரெண்டு தூணுக்கும் நடுவுல இருந்த சந்துல தலையை விட்டுருச்சு.”

“ஐயையோ” என்றார் இன்ஜினியர்.

“உள்ளே போன தலை வெளியே வரல. இழுத்தா காது மாட்டுது. எண்ணெய் தடவினோம், சோப்பு போட்டோம். குழந்தை அழுது அழுது கழுத்து வீங்கிப்போச்சு. வீங்க வீங்க இன்னும் இறுகுது. மூச்சு கொர்ருன்னு ஆயிடுச்சு. வாத்தியார் சிலேட்டை அதோட தொண்டைக்கும் மரத்துக்கும் நடுவுல சொருகிப் பிடிச்சுக்கிட்டு, ‘தச்சரைக் கூப்பிடு’ன்னாரு. நான்தான் ஓடினேன். அப்பா ரம்பத்தோட வந்து அறுத்தாரு. மரமா அது? இரும்பு! ரம்பத்துப் பல்லு தேய்ஞ்சு போச்சு. மேல உத்திரத்துல அது சொருகியிருந்த குழியிலேருந்து தட்டி எடுத்தப்ப பார்த்தேன், அந்தக் குழி புதுசா உளி வச்ச மாதிரி சிவப்பா இருந்துச்சு. தூணும் உத்திரமும் ஒரே மரம்னு அப்பா சொன்னாரு.”

“சரி, ஒரு தூணைத்தானே அறுத்தீங்க? இன்னொண்ணு?”

“ஒத்தையா நின்னது சாய ஆரம்பிச்சுது. பிள்ளைங்க மேல விழுந்துடும்னு அதையும் எடுத்தாச்சு. புதுத் தூணுக்கு மரம் தேடறதுக்குள்ள அதிகாரி வந்துட்டாரு. ‘அரசாங்கக் கட்டடத்துல கை வச்சது யாரு’ன்னு குதிச்சாரு. அப்பா முன்னால போகப் போனாரு. வாத்தியார் அவரைப் பின்னால தள்ளிட்டு, ‘கரையான் அரிச்சுது சார், நான்தான் எடுக்கச் சொன்னேன், மேல தெரிவிக்காம விட்டது என் தப்பு’ன்னுட்டாரு.”

“ஏன்?” என்றாள் டீச்சர். “உண்மையைச் சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா? கைக்குழந்தை பள்ளிக்கூடத்துல என்ன பண்ணுச்சுன்னு அடுத்த கேள்வி வரும். நாளையிலேருந்து குழந்தையோட யாரும் வரக் கூடாதுன்னு உத்தரவு வரும். நாங்க இத்தனை பொண்ணுங்க அப்படியே வீட்டுக்குப் போயிருப்போம். நீ சித்த முன்னாடி மில்லுல வந்து சொன்னியே, அதே கணக்கை அவர் அன்னைக்கே போட்டுட்டாரு. நான் நாலாவது சுவர் வரைக்கும் படிச்சேன்னா அது அவர் வேலை போனதாலதான்டி.”

இன்ஜினியர் தொப்பியின் வாரை இறுக்கினார். “ஏணி இருக்கா? நாலு பேர் வாங்க, ரெண்டு பக்கமும் முட்டு கொடுக்கணும்.”

தையல்காரரும் சைக்கிள் கடைக்காரரும் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். கட்டைகள் வந்தன. முட்டு நின்றது. இன்ஜினியர் ஏணியில் ஏறி, வெடிப்புக்குப் பக்கத்தில் கைத்துளைப்பானை வைத்துச் சுழற்றினார். வெளியே எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தூள் வருமா, சுருள் வருமா?

மரச்சுருள் வந்தது. சிவப்பாக, நீளமாக, சுருண்டு சுருண்டு. இன்னொரு இடத்தில் போட்டார். அங்கேயும் சுருள்.

“உள்ளே நெஞ்சுக் கட்டை அப்படியே இருக்கு!” மேலேயிருந்து கத்தினார். “முட்டு இல்லாம இத்தனை வருஷம் தாங்கியிருக்கு பாருங்க, அதுவே ஆச்சரியம். மேடம், ரிப்பேர்னு எழுதறேன். இரும்புத் தூண் வர்ற வரைக்கும் பிள்ளைங்களை மரத்தடியில வச்சுச் சமாளிங்க.”

“சமாளிச்சுடலாம்!” கூட்டம் மொத்தமாகப் பதில் சொன்னது. நான்காவது சுவர்க்காரி தம்பியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். யாரோ விசிலடித்தார்கள்.

டீச்சர் மட்டும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “எத்தனை தடவை அவரைத் திட்டியிருக்கேன்! உங்க எல்லார் முன்னாலேயும்தானே திட்டினேன்? ஒருத்தராவது என் வாயை அடைக்கக் கூடாதா?”

“நீ திட்டும்போதெல்லாம் எனக்கு ஊசி கையில குத்தும்மா. என்ன பண்றது” என்றார் தையல்காரர்.

இன்ஜினியர் ஏணியிலிருந்து இறங்கி, சட்டையைத் தட்டிக்கொண்டார். “அது சரி, அந்தக் குழந்தை பிழைச்சுதா?”

“பிழைச்சுது, பிழைச்சுது” என்றார் சைக்கிள் கடைக்காரர் அவசரமாக. “நேரமாகுது சார், ஆபீஸ் மூடிடப் போறாங்க.”

“யாரு வீட்டுக் குழந்தை அக்கா?” டீச்சர் விடவில்லை. “இப்ப எங்கே இருக்கு? நான் போய்ச் சொல்லணும். ஒரு மனுஷனோட வேலையும் பேரும் போயிருக்கு. அதுக்கு இது தெரிய வேண்டாமா?”

“தெரியக் கூடாதுன்னு சொன்னதே அவர்தான்.”

“யாரு, வாத்தியாரா?”

அக்கா தலையசைத்தாள். “பெட்டியைத் தூக்கிட்டு வண்டி ஏறப் போனாரு. அப்பா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாரு. ஊர் மொத்தமும் நின்னுது. அப்போ சொன்னாரு: ‘பெரியவ எப்படியும் படிச்சுடுவா. சின்னதும் ஒருநாள் இதே சுவரைப் பார்த்து உட்காரும். தன்னாலதான் ஒரு வாத்தியாருக்கு வேலை போச்சுன்னு தெரிஞ்சா அதுக்குப் பாடம் ஏறாது. என்னை என்ன வேணா சொல்லட்டும், அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு. அப்பா சரின்னாரு. எல்லாருமே சரின்னாங்க.”

டீச்சர் கூட்டத்தைப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. மெல்ல அக்காவின் பக்கம் திரும்பினாள்.

“அக்கா... அந்தப் பெரியவ யாரு?”

“நான்தான்” என்றாள் அக்கா. “அப்பாவுக்கு நாம ரெண்டு பேருதானேடி.”